அடுப்படிக் கேள்விகள்: சாத்தே சாஸுக்குக் கடை ருசி வர வேண்டுமா?

கேள்வி: அக்கா, அரைப் பாட்டில் கடலை வெண்ணெய், ஒரு பாக்கெட் தேங்காய்ப்பால், கொஞ்சம் சில்லி சாஸ் எல்லாவற்றையும் கலந்து கொதிக்கவைத்தேன். என் மகன் ஒரு குச்சி சாத்தேயை (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) அதில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, “ரொட்டிக்குத் தடவுவது போல இருக்கிறது” என்று தட்டை நகர்த்திவிட்டான். சிங்கப்பூர் லாவ் பா சாட் உணவங்காடியின் ருசி வீட்டில் வராதா?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் மகனுக்கு நாக்கு சரியாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. ரொட்டிக்குத் தடவுவதைத்தானே ஊற்றினீர்கள்! ஆனால் பழியை முழுவதும் பாட்டில் மேல் போட மாட்டேன். மசாலா அரைத்து வதக்கும் வேலையையே நீங்கள் விட்டுவிட்டீர்கள். இந்தச் சாஸின் ருசி பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

என் அளவு இது: நிலக்கடலை 250 கிராம், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 4 பல், செராய் என்னும் எலுமிச்சைப்புல் 2 தண்டு (அடியிலுள்ள வெள்ளைப் பகுதி மட்டும்), கட்டைவிரல் நீளம் லெங்குவாஸ். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து கிடக்கும் பேரரத்தைதான் பச்சையாக இருக்கும்போது லெங்குவாஸ். அதற்குப் பதிலாக இஞ்சியை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மணமே மாறிவிடும். தேக்காவிலோ கேலாங் சிராய் சந்தையிலோ ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம்.

கடலையைக் கனமான வாணலியில் இளந்தீயில், கை ஓயாமல் கிளறி வறுத்து, ஆறியதும் தோலை ஊதிவிட்டு, மிக்சியை விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். பல்லில் படவேண்டும். காறல் வாசனை வந்தாலோ பூஞ்சை பிடித்திருந்தாலோ இரக்கப்படாமல் குப்பையில் போடுங்கள். நம் ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் சீக்கிரம் கெடும். பூஞ்சையிலிருந்து உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுவதுமாகப் போகாது.

இப்போது மற்றவற்றை, ஊறவைத்த மிளகாயோடு விழுதாக அரைத்து, அரைக் கப் எண்ணெயில் போடுங்கள். எண்ணெய் அதிகம் என்று முகம் சுளிக்க வேண்டாம். முதலில் விழுது அத்தனை எண்ணெயையும் குடித்துவிட்டு, சலசலவென்று தெறிக்கும். பச்சை வெங்காய நெடி கண்ணைக் கரிக்கும். பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். தீயைக் குறைத்து அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் தெறிப்பு அடங்கும், பளிச்சென்ற சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும், கடைசியில் வாணலியின் ஓரமெல்லாம் சிவப்பு எண்ணெய் கசிந்து நிற்கும். இதற்கு 15, 20 நிமிடம் பிடிக்கும். அப்போது ஒரு தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், 80 கிராம் குலா மலாக்கா (தென்னை வெல்லம்), உப்பு, இரண்டு கப் தண்ணீர். கொதி வந்ததும் கடலை. மெல்லிய தீயில் மறுபடி எண்ணெய் மிதக்கும்வரை விடுங்கள்.

தேங்காய்ப்பால் தாய்லாந்துப் பக்குவத்துக்குப் பொருந்தும். அங்கே சிவப்புக் கறி விழுதும் சேர்ப்பார்கள். இங்கே மலாய் முறையில் செய்யும் பலர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், என் கட்சியும் அதுதான். ஹைனானியச் சீனர் சாத்தே விற்கும் கடைகளில் சாஸின் மேல் அன்னாசி மசியலைப் போட்டுத் தருவார்கள். புளிப்புப் பிடித்தவர்கள் அதையும் செய்து பார்க்கலாம்.

உங்கள் பாட்டிலில் மிச்சம் இருக்குமே, அதை வீணாக்க வேண்டாம். வியட்நாமிய அரிசித்தாள் சுருளுக்கு ஹோய்சின் என்ற சீன இனிப்புச் சாஸோடும் கொஞ்சம் வெந்நீரோடும் கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அந்த வழவழப்புதான் வேண்டும்.

கேள்வி: அடுப்பில் சரியாக இருக்கும் சாஸ், மேசைக்கு வருவதற்குள் சுவருக்குப் பூசும் சாந்தாகிவிடுகிறதே?
– வாசகர், தோ பாயோ

பதில்: கடலை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஐயா. கரண்டியிலிருந்து தாராளமாக வழியும் பதத்திலேயே இறக்குங்கள். இறுகிவிட்டால் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் போதும்.

கேள்வி: நாங்கள் சைவம். காடோ காடோ வெறும் காய்கறிதானே, கடலைச் சாஸோடு கடையில் தைரியமாகச் சாப்பிடலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாஸில் பலரும் பிளாச்சான் சேர்ப்பார்கள். அது இறால் விழுது. மேலே நொறுக்கிப் போடும் அப்பளமும் இறாலில் செய்ததாக இருக்கலாம், அவித்த முட்டையும் வரும். மேலே சொன்ன என் அளவில் பிளாச்சான் இல்லை. அவித்த பயற்றங்காய், முட்டைக்கோஸ், பொரித்த தௌகுவா (கெட்டியான டோஃபு), தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வரும் சிறுமி ஒருத்திக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அவளுக்கு மட்டும் கடலையைக் குறைத்துப் போடலாமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: கூடவே கூடாது, அம்மா. சிலருக்குத் துளி பட்டாலே மூச்சு அடைத்துவிடும். நன்றாக வறுத்தாலும் அந்த ஆபத்து போகாது. வறுத்த சூரியகாந்தி விதையில் இதே சாஸ் வரும். ஆனால் அதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அவள் அம்மாவிடம் முதலில் கேளுங்கள். பொட்டுக்கடலை வேண்டாம், அதுவும் பருப்பினம்தான். நிலக்கடலை சேராத சிலருக்கு அதுவும் சேராது. கடலை அரைத்த மிக்சி ஜாரும் கிளறிய கரண்டியும் அந்தப் பக்கமே போகக்கூடாது. என்னைக் கேட்டால், அன்றைக்கு வீட்டில் நிலக்கடலையே எடுக்க மாட்டேன். பிள்ளைகள் கை எந்தக் கிண்ணத்தில் போகும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?