பினோ நுவார் வெளிறியிருக்கிறதே, கெட்டுவிட்டதா?

கேள்வி: நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ வட்டாரத்துப் பினோ நுவார் ஒயின் ஒன்றைச் சிங்கப்பூரில் வாங்கினேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பதால் மேசையிலேயே வைத்திருந்து திறந்தேன். திறந்ததும் நெருப்புக்குச்சி வாடை. நிறம் வெளிறல், மூக்கில் சாராய நெடி, நாக்கில் புளிப்பு. கொட்டிவிடலாமா?

பதில்: கொட்ட வேண்டாம். வெளிறிய நிறம் பினோ நுவாரின் பிறவிக் குணம். அந்தத் திராட்சையின் தோல் மெல்லியது, நிறமியும் குறைவு. கண்ணாடிக் கோப்பைக்கு அப்பால் விரல் தெரிந்தால் அது குறையல்ல. புளிப்பு அந்த மண்ணின் குளிரிலிருந்து வருவது. ஏறத்தாழ 45 பாகை தெற்கு அட்சரேகையில், கடலை விட்டு உள்ளே, மலைகளுக்கு நடுவே கிடக்கும் வட்டாரம் அது. கோடைப் பகல் சுடும். இரவு சட்டென்று குளிரும். பகலில் பழம் இனிக்கும். இரவின் குளிர் அதன் புளிப்பைக் கரையவிடாது.

சாராய நெடிதான் உங்கள் மேசையின் வேலை. 'அறை வெப்பம்' என்ற பேச்சு பழைய ஐரோப்பிய வீடுகளைப் பற்றியது. அங்கே அறை 16–18 டிகிரி. சிங்கப்பூரில் 30. இந்த ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 13–14 சதவீதம். 30 டிகிரியில் அதுதான் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறும், செர்ரி மணம் பின்னால் போய்விடும்.

வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிக் கழுத்தளவு பாட்டிலை அமிழ்த்துங்கள். சுமார் 15 நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டி பாட்டிலை முழுதாகத் தொடாது, நேரம் இழுக்கும். ஃப்ரிட்ஜ் என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஊற்றும்போது 13–14 டிகிரி இருக்கட்டும். கோப்பையில் தானே ஏறிக்கொள்ளும். 10-க்குக் கீழே போனால் மணம் அடங்கிப்போய், புளிப்பும் துவர்ப்பும் மட்டும் மிஞ்சும். வயிறு அகன்ற கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும்.

நெருப்புக்குச்சி வாடை கந்தகச் சேர்மங்களுடையது. திருகு மூடி காற்றை அதிகம் விடாததால் உள்ளேயே தங்கியிருக்கும். சுழற்றி 10–15 நிமிடம் விட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும். கலையாமல், நேரம் ஆக ஆகக் கூடுவது கார்க் கெட்ட பாட்டிலின் நனைந்த அட்டை வாடை. அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். நகப்பூச்சு நீக்கி போலவோ காடி போலவோ நெடித்தாலும் அப்படியே. வேகவைத்த பழ வாடை அடித்து, கார்க்கும் மேலே தள்ளியிருந்தால், வெயிலில் நின்ற கார் டிக்கியைச் சந்தேகிக்கலாம்.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். குளிர்வித்த பிறகும் புளிப்பு ஒத்துவரவில்லையென்றால், அடுத்த முறை லேபிளில் பேனக்பர்ன் அல்லது பெண்டிகோ என்று பாருங்கள். அவை சென்ட்ரல் ஒடாகோவிலேயே வெப்பமான சரிவுகள், பழம் நன்கு கனியும். அங்கேயே உள்ள கிப்ஸ்டன் உயரமானது, குளிர் அதிகம், அதைத் தவிருங்கள்.