மிசூரியிலும் இல்லினாயிலும் மோர்மன்கள்: உள்ளூர் அரசியல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மோர்மன்களை ஊர் ஊராக விரட்டியதற்கு மத வெறுப்பு மட்டும்தானே காரணம்?

பதில்: மோர்மன்கள் என்பவர்கள் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறித்தவச் சமயக் குழுவினர். மதம் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் போதாது. 1833 ஜூலையில் மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டிக்காரர்கள் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) கையெழுத்திட்ட அறிக்கையைப் பாருங்கள். மோர்மன்களின் அற்புதங்களைப் பழிக்கிறது, சுதந்திரக் கறுப்பினத்தாரை உள்ளே அழைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறது. கூடவே, ஷெரீப்பும் நீதிபதிகளும் மோர்மன்களாகிவிடும் நாள் தூரத்தில் இல்லை என்றும் சொல்கிறது. அப்போது கவுண்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மோர்மன்கள், சுமார் 1,200 பேர். பதவி கைமாறிவிடும் என்ற பயத்துக்குக் கணக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் கவுண்டி எழுத்தரும் கவுண்டி நீதிபதி சாமுவேல் லூகாஸும் உண்டு. லூகாஸின் பெயரை நினைவில் வையுங்கள், 1838இல் மீண்டும் வருவார்.

கேள்வி: அவர்களுக்கென்றே தனிக் கவுண்டி கொடுத்தார்களே, அதற்குப் பிறகும் ஏன் சண்டை?

பதில்: 1836 டிசம்பரில் கால்ட்வெல் கவுண்டி உருவானது. மசோதாவைக் கொண்டுவந்தவர் மோர்மன்களுக்கு வழக்கறிஞராக இருந்த அலெக்சாண்டர் டோனிஃபன். அந்த எல்லைக்குள்ளேயே மோர்மன்கள் இருப்பார்கள் என்று அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது, வெறும் வாய்மொழிப் புரிதல்தான். ஆட்கள் பெருகியதும் டேவியஸ் கவுண்டியிலும் கேரல் கவுண்டியின் டி விட்டிலும் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். டேவியஸில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட வில்லியம் பெனிஸ்டனுக்கு அந்த ஓட்டுகள் தனக்கு விழாது என்று தெரியும். 1838 ஆகஸ்ட் 6, தேர்தல் நாளன்று, காலட்டின் ஊரில் அவர்களுக்கு எதிராகக் கூட்டத்தை உசுப்பிவிட்டார். வாக்குச்சாவடியிலேயே அடிதடி தொடங்கியது. அங்கிருந்து மூன்றே மாதத்தில் மோர்மன்கள் மாநிலத்தை விட்டே போகும் நிலை வந்தது.

கேள்வி: ஆளுநரின் ‘ஒழிப்பு உத்தரவு’க்கு எல்லா அதிகாரிகளும் பணிந்தார்களா ஐயா?

பதில்: இல்லை. ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் 1838 அக்டோபர் 27 அன்று உத்தரவிட்டார். பொது அமைதிக்குத் தேவையென்றால் மோர்மன்களை ஒழித்துவிட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று நாளில் ஹான்ஸ் மில் என்ற மோர்மன் குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஃபார் வெஸ்ட் ஊரில் ஜோசப் ஸ்மித் பிடிபட்டதும், அவரையும் உடனிருந்தவர்களையும் மறுநாள் காலை சுட்டுக்கொல்லும்படி மாநிலப் படையின் ஜெனரல் லூகாஸ், தன் கீழ் படை நடத்திய டோனிஃபனுக்கு ஆணையிட்டார். ஐந்து வருடம் முன்பு ஜாக்சனில் கையெழுத்திட்ட அதே லூகாஸ்தான். இது பச்சைக் கொலை, கீழ்ப்படிய மாட்டேன், மீறிக் கொன்றால் நீதிமன்றத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று டோனிஃபன் எழுதிக் கொடுத்துவிட்டுப் படையோடு கிளம்பினார். தண்டனை நிறைவேறவில்லை. மேலதிகாரியின் ஆணையை எழுத்தில் மறுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இந்த வரலாறு முழுவதிலும் என் மனதுக்கு நெருக்கமானவர் அவர்தான்.

கேள்வி: இல்லினாய் மட்டும் ஏன் அவ்வளவு தாராளமாக நாவூ நகரப் பட்டயத்தைக் கொடுத்தது?

பதில்: மிசூரியிலிருந்து விரட்டப்பட்ட மோர்மன்கள் இல்லினாயில் குடியேறிய நகரம் நாவூ. நகரம் தன்னைத் தானே ஆள மாநிலம் தரும் சட்டம்தான் பட்டயம். விக், ஜனநாயகக் கட்சி இரண்டும் சமபலத்தில் மோதிக்கொண்டிருந்த மாநிலம் இல்லினாய். 21 வயதான வெள்ளை ஆண் ஆறு மாதம் அங்கே வசித்தாலே வாக்குரிமை. குடியுரிமைகூடத் தேவையில்லை. ஆகவே இங்கிலாந்திலிருந்து மதம் மாறி வந்து இறங்கியவர்களும் அரையாண்டில் வாக்காளர்கள். இத்தனை ஓட்டும் ஒரே பக்கம் சாயும் என்றால் எந்தக் கட்சி பகைத்துக்கொள்ளும்? மோர்மன்கள் சார்பில் ஜான் பென்னட் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் இரு தரப்பையும் பார்த்துப் பேசினார், 1840 டிசம்பர் 16 அன்று ஆளுநர் கார்லின் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய மாதம் நடந்த அதிபர் தேர்தலில் மோர்மன்கள் பெரும்பாலும் விக் கட்சிக்கே போட்டாலும், சுமார் 200 பேர், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களுக்கான விக் பட்டியலின் கடைசிப் பெயரை அடித்துவிட்டு ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரின் பெயரைச் சேர்த்தார்கள். அடிபட்ட பெயர் ஆபிரகாம் லிங்கன். அப்படியும் அவர் பட்டயத்தை ஆதரித்துவிட்டுத் தன்னிடம் வந்து வாழ்த்தினார் என்று பென்னட் எழுதினார்.

கேள்வி: அந்தப் பட்டயத்தில் சிக்கலான பகுதி எது? நாவூ படையா?

பதில்: நகரம் தனக்கென்று படை வைத்துக்கொள்ளப் பட்டயம் அனுமதித்தது, அது கண்ணை உறுத்தியது. ஆனால் அண்டை ஊர்க்காரர்களின் கோபத்தைக் கிளறியது நகர நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு அதிகாரம், அதாவது கைதானவரைத் தன்முன் கொண்டுவரச் செய்து, கைது சரியில்லை என்றால் விடுவிக்கும் அதிகாரம். நகரச் சட்டங்களின் கீழ் எழும் வழக்குகளுக்கு என்றுதான் பட்டயம் சொன்னது. நகர மன்றம் தானே சட்டம் போட்டு, வெளியிலிருந்து வரும் பிடியாணைகளையும் அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று விரித்துக்கொண்டது. மேயரே அதன் தலைமை நீதிபதியும்கூட. 1842இலிருந்து மேயர் ஜோசப் ஸ்மித்! வெளியூர் அதிகாரி வந்து யாரையாவது கைது செய்தால், கூட்டிப்போகும் முன்பே நாவூ நீதிமன்றம் கைதானவரை விடுவித்துவிடும்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னாள் ஆளுநர் பாக்ஸை யாரோ சுட்ட வழக்கில் ஸ்மித்தை ஒப்படைக்கும்படி மிசூரி கேட்டபோது, 1843 ஜனவரியில் அவரை விடுவித்தது மத்திய நீதிபதி நத்தானியல் போப். குற்றம் நடந்தபோது ஸ்மித் மிசூரியில் இருந்தார் என்றோ, அங்கிருந்து தப்பி ஓடினார் என்றோ பாக்ஸின் பிரமாணப் பத்திரம் சொல்லவில்லை. தப்பி ஓடாதவரை ஒப்படைக்கச் சட்டத்தில் இடமில்லை. அது சலுகையே அல்ல, சரியான தீர்ப்பு.

கேள்வி: இரண்டு கட்சிகளும் ஒரே நேரத்தில் எதிரியானது எப்படி?

பதில்: 1843 ஜூனில் டிக்சன் அருகே ஸ்மித் கைதானார். காங்கிரஸுக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த விக் வழக்கறிஞர் சைரஸ் வாக்கர் அந்தப் பக்கம் இருந்தார். உங்கள் ஓட்டு எனக்கு என்றால்தான் வழக்கை எடுப்பேன் என்றார். ஸ்மித் ஒப்புக்கொண்டார். நாவூவின் ஓட்டு மொத்தமும் கைக்கு வந்துவிட்டதாக வாக்கர் கணக்குப் போட்டார். ஆகஸ்டில், தேர்தலுக்கு முந்தைய நாட்களில், ஜோசப்பின் அண்ணன் ஹைரம் ஜனநாயகக் கட்சியின் ஜோசப் ஹோகுக்குப் போட வேண்டும் என்பதே இறைவனின் விருப்பம் என்று அறிவித்தார். ஜோசப் வாக்குத் தவறாமல் தன் ஓட்டை வாக்கருக்கே போட்டார், அண்ணனுக்குக் கிடைத்த வெளிப்பாட்டையும் மறுக்கவில்லை. நாவூ ஹோக் பக்கம் சாய்ந்தது, ஹோக் ஜெயித்தார். ஹோகுக்குப் போட்டால் நாவூ மீது படை வராது என்று ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் இல்லினாய் ஆளுநர் ஃபோர்டின் பெயரால் வாக்குறுதி கொடுத்துவிட்டதாக ஃபோர்டே பின்னால் எழுதினார்.

விக்குகள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். ஜெயித்த கட்சிக்கோ அடுத்த தேர்தலில் இந்த ஓட்டு எந்தப் பக்கம் போகும் என்ற சந்தேகம். யாருக்கும் நிலையாகச் சொந்தமாகாத ஓட்டு அது. அதனால்தான் 1844 ஜூனில் ஆபத்து வந்தபோது காப்பாற்ற எந்தக் கட்சியும் முன்வரவில்லை. ஸ்மித்தை விமர்சித்த நாவூ எக்ஸ்பாசிட்டர் இதழின் அச்சகத்தை அழிக்க நகர மன்றம் ஆணையிட்டது பெரும் பிழை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்பு தருவதாகச் சொன்ன ஆளுநர் ஃபோர்ட், அந்த விவகாரத்தைத் தொடர்ந்து சிறைப்பட்டிருந்த ஜோசப், ஹைரம் சகோதரர்களை ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் விட்டுவிட்டு நாவூவுக்குப் போனார். அன்று மாலை கும்பல் இருவரையும் சுட்டுக் கொன்றது.

கேள்வி: கொலைக்கு யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: ஒருவர்கூட இல்லை. 1845 மே மாதம் ஐந்து பேர் மீது விசாரணை நடந்தது. அவர்களில் ஜேக்கப் டேவிஸ் மாநில செனட்டர், தாமஸ் ஷார்ப் வார்சா சிக்னல் பத்திரிகை ஆசிரியர். கவுண்டி ஆணையர்கள் தேர்ந்தெடுத்த ஜூரர் பட்டியல் ஒருதலைப்பட்சமானது என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பு வாதிட்டது, நீதிபதி அந்தப் பட்டியலை ரத்து செய்தார். புதிதாக அமைந்த ஜூரியில் ஒரு மோர்மனும் இல்லை. ஐவரும் விடுதலை. நாவூ பட்டயத்தை அதற்கு முன்பே, ஜனவரியில், சட்டமன்றம் திரும்பப் பெற்றிருந்தது. 1846 பிப்ரவரியில் முதல் வண்டிகள் மிசிசிப்பியைக் கடந்தன.

கேள்வி: மிசூரியின் ஒழிப்பு உத்தரவு இன்னும் செல்லுபடியாகுமா?

பதில்: ஆகாது. ஆளுநர் கிறிஸ்டோபர் பாண்ட் 1976 ஜூனில் அதை ரத்து செய்து, மாநிலத்தின் சார்பில் வருத்தமும் தெரிவித்தார்.