மறுபடியும் மயக்க மருந்தா?

கேள்வி: 9 ஆண்டுகளுக்கு முன் முழு மயக்கம் கொடுத்து எனக்கு அவசர சிசேரியன் செய்தார்கள். நடுவில் நினைவு திரும்பிவிட்டது. டாக்டர்களின் பேச்சும் கத்தரி தட்டில் விழுந்த ஓசையும் கேட்டன. வலித்தது; ஆனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால் கனவு என்றார்கள். இப்போது கட்டிகளுக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். தேதி குறிக்கவே நடுங்குகிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் சொல்வது கனவு அல்ல. நினைவை அகற்றும் மருந்து வேறு, தசைகளைத் தளர்த்தும் மருந்து வேறு. முதலாவதன் அளவு போதாமல், இரண்டாவது மட்டும் முழுமையாக வேலை செய்துகொண்டிருந்தால், நோயாளி விழித்திருந்தும் கண்ணிமையைக்கூட அசைக்க முடியாது. உங்கள் சுண்டுவிரல் அசையாத காரணமும் அதுவே. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், முழு மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இவ்வாறு விழித்ததாகப் பதிவானது; சிசேரியனில் மட்டும் அது சுமார் 670 பேருக்கு ஒருவர். மயக்கம் ஆழமாவதற்குள் கத்தி வைக்க வேண்டிய அவசரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்போது அந்த அவசரம் இல்லை.

ஆனாலும், ஒருமுறை விழித்தவருக்குக் கூடுதல் கவனம் தேவை. ஆகவே அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் வார்டில் அவசரமாகச் சந்திக்காமல், சில நாட்களுக்கு முன்பே மயக்க மருத்துவரைத் தனியாகப் பாருங்கள். பழைய மருத்துவமனையில் உங்கள் மயக்க மருந்துக் குறிப்பைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் கத்தரி விழுந்த ஓசை உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

வயிற்றைத் திறந்தோ பிறப்புறுப்பு வழியாகவோ செய்வதென்றால், முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யும் முறை பெரும்பாலும் சாத்தியம். அதில் விழித்திருப்பீர்கள், வலி இருக்காது. ஆனால் அந்த ஓசைகள் மறுபடி காதில் விழும் என்பதை யோசித்து முடிவெடுங்கள். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் முழு மயக்கமே வழக்கம். அப்போது மூச்சுக்காற்றில் மயக்க வாயுவின் அளவைக் காட்டும் கருவியும், நெற்றியில் ஒட்டி மூளையின் மின் அலைகளிலிருந்து மயக்கத்தின் ஆழத்தை எண்ணாகக் காட்டும் கருவியும் உண்டா என்று கேளுங்கள். பின்னதில் 40 முதல் 60 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள்.

தூக்கம் கெட்டு, பழைய காட்சி திரும்பத் திரும்ப வந்தால், மனநல மருத்துவரை இப்போதே பாருங்கள். கடுமையான ரத்தப்போக்கு இல்லாதவரை, அறுவை மருத்துவரைக் கேட்டுத் தேதியைத் தள்ளிவைக்கலாம். உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காத மயக்க மருத்துவரை மாற்றவும் கேட்கலாம்.