இரண்டாவது அப்ரூவல் எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோகும் விவசாயிகளுக்காக ஓப்பன் சோர்ஸ் ஆப் ஒன்று நடத்துகிறோம். மெயின்டெய்னர்கள் (நிரலைப் பராமரிப்பவர்கள்) இரண்டு பேர். ஈரப்பதம் சரியாக 17 சதவீதம் இருந்தாலே 'ஏற்கப்படாது' என்று காட்டும் பிழை ஒன்று, இன்னொருவர் நிரலைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூவைத் தாண்டி வெளியே போய்விட்டது. நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், ஒரு மாற்றத்தைச் சேர்க்க இப்போது ஒருவரின் அப்ரூவல் (ஒப்புதல்) போதும். அதை இரண்டாக்கலாமா?

பதில்: வேண்டாம். எழுதியவரே தன் புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) அப்ரூவ் செய்ய முடியாது. ரிப்போவில் (நிரல் கிடங்கில்) எழுதும் அனுமதி உள்ளவர்களின் அப்ரூவல்தான் கணக்கில் சேரும். அந்த அனுமதி உங்கள் இருவருக்கு மட்டும் என்றால், உங்களில் ஒருவர் எழுதியது எதுவும் மெர்ஜ் ஆகாது, அதாவது முதன்மை நிரலில் சேராது. பிறகு அட்மின் அதிகாரத்தில் விதியைத் தாண்டுவீர்கள், அதுவே பழக்கமாகிவிடும்.

உங்கள் பிழை 'பெரியது' என்று வர வேண்டிய இடத்தில் 'பெரியது அல்லது சமம்' என்று விழுந்ததாகத்தான் இருக்கும். இந்த வகை, நாலு பேர் படித்தாலும் கண்ணில் படாது. முதல் ஆள் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் அடுத்தவர் இன்னும் வேகமாக உருட்டிவிட்டுப் போவார். 16.9, 17.0, 17.1 மூன்றுக்கும் டெஸ்ட் எழுதுங்கள். அது தேறாமல் மெர்ஜ் ஆகாதபடி ஸ்டேட்டஸ் செக்கை (டெஸ்ட் தேறியதா என்று கிட்ஹப் பார்க்கும் சோதனையை) கட்டாயமாக்குங்கள்.

முதல் ஆளுக்குத் தெரியாதது தெரிந்தவர் என்றால் இரண்டாவது ஆள் நிச்சயம் உதவுவார். நம் பக்கம் நில அளவில் ஒரு மா 100 குழி, சுமார் 33 சென்ட். மாவை ஏக்கராக்க 3-ஆல் வகுக்காமல் பெருக்கியிருந்தால், பெங்களூரிலிருந்து எழுதுபவருக்கு அது உறுத்தாது. டெஸ்ட்டும் அவரே எழுதினால் அதுவும் தேறிவிடும். 6 மா நிலம் 18 ஏக்கர் என்று திரையில் வந்தால் ஒரத்தநாட்டு விவசாயி சிரித்துவிடுவார். அவருக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, திரையைக் காட்டினாலே போதும்.

லாகின், பில்ட் ஸ்கிரிப்ட் (ஆப்பைக் கட்டும் நிரல்), வெளி லைப்ரரிப் பட்டியல் ஆகியவற்றுக்கு மட்டும், எந்தக் கோப்பை யார் ரிவ்யூ செய்ய வேண்டும் என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் ஆள் குறியுங்கள். ஒரே வரியில் இரண்டு பெயர் போட்டால் இருவரும் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கிட்ஹப்புக்கு அதில் யாராவது ஒருவர் போதும். அப்ரூவலுக்குப் பிறகு புது கமிட் (நிரல் மாற்றம்) வந்தால் பழைய அப்ரூவல் ரத்தாகும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

ரிவ்யூ எட்டாத இடமும் உண்டு. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் பிடிபட்டபோது, அதை இயக்கிவிடும் பில்ட் வரிகள் எல்லோரும் படிக்கும் கிட் ரிப்போவில் இல்லை, வெளியீட்டு டார்பாலில் (தரவிறக்கத் தரும் தொகுப்புக் கோப்பில்) மட்டும் இருந்தன. உங்கள் ஏபிகேயும் (ஆண்ட்ராய்டில் நிறுவும் ஆப் கோப்பும்) யாருடைய லேப்டாப்பிலிருந்தும் போகக் கூடாது. வெளியிட வேண்டிய பதிப்புக்கு டேக் (பெயர்க் குறி) போட்டதும் சிஐ (டெஸ்ட், பில்ட் வேலைகளைத் தானாகச் செய்யும் சர்வர்) தானே கட்டித் தரட்டும்.