வாசகர் கேள்வி – பதில்: வாய் திறக்காத பூட்டன்

கேள்வி: எங்கள் மருமகள் ஒன்டாரியோப் பெண். அவளுடைய பூட்டன் 1907 வாக்கில், பன்னிரண்டு வயதில், இங்கிலாந்திலிருந்து தனியாகக் கப்பலேறி வந்து பண்ணையில் வேலை செய்தாராம். முதல் உலகப் போருக்கும் போயிருக்கிறார். தாய் தகப்பன் யார் என்று கடைசிவரை வாயே திறக்கவில்லை. தேடலாம் என்றால் போகிற தளமெல்லாம் பணம் கேட்கிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, மார்க்கம்

பதில்: முதலில் கிரெடிட் கார்டை உள்ளே வையுங்கள். உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஒட்டாவாவில் இருக்கும் கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் 'ஹோம் சில்ட்ரன்' என்று அழைக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவராக இருக்க வேண்டும். 1869 முதல் 1930கள் வரை பிரிட்டனின் தொண்டு நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பின. பையன்கள் பண்ணை வேலைக்கு, பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கு. எல்லாரும் அநாதைகள் என்று நினைத்துவிடாதீர்கள், பெற்ற தாய் உயிரோடு இருக்க, வறுமை தாங்காமல் விடுதியில் விடப்பட்டு அங்கிருந்து கப்பலேற்றப்பட்ட பிள்ளைகள் ஏராளம். வந்த இடத்தில் ஊரார் இவர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள், அதனால்தான் பலர் சொந்தப் பிள்ளைகளிடம்கூட மூச்சு விடவில்லை. உங்கள் மருமகளின் பூட்டனுடைய மௌனத்தையும் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும், அவருக்குப் பாசம் இல்லை என்று அல்ல.

இந்தப் பிள்ளைகளுக்கென்றே காப்பகத் தளத்தில் தனித் தரவுத்தளம் உண்டு. பெயரைப் போட்டால் வயது, கப்பலின் பெயர், புறப்பட்ட நாள், இறங்கிய துறைமுகம் வரும், பல பதிவுகளில் அனுப்பிய நிறுவனமும் இருக்கும். அந்த நிறுவனம்தான் அடுத்த கதவு. பர்னார்டோஸ் என்று இருந்தால் உங்களுக்கு யோகம், ஏனென்றால் விடுதியில் சேர்த்தபோது எழுதிய பழைய கோப்புகளை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள், பல பிள்ளைகளுக்குச் சேர்ந்த அன்று எடுத்த புகைப்படம்கூட உண்டு. வாரிசுகள் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

அப்புறம் போர்க் கோப்பு. முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்த 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கோப்புகளை முழுமையாக ஸ்கேன் செய்து 2018இல் முடித்துவிட்டார்கள், இதற்கும் காசு கிடையாது. சேரும்போது நிரப்பிய முதல் தாளை நிதானமாகப் படியுங்கள். உயரம், மார்பளவு, கண் நிறம், உடம்பில் தழும்பு எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிட முக்கியம், நெருங்கிய உறவினர் யார், அவர் முகவரி என்ன என்ற கேள்விகள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாதவர் அந்த இடத்தில் இங்கிலாந்தில் இருந்த தாயின் பெயரையோ அக்காவின் பெயரையோ எழுதியிருக்கலாம். சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் யாருக்கு அனுப்பச் சொன்னார் என்ற அட்டை இருந்தால் அதையும் விடாதீர்கள். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் நிறையப் பேர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1911ஐப் பாருங்கள். பண்ணைக்காரர் குடும்பத்தின் கடைசி வரியில், 'வேலையாள்' என்று அவர் பெயர் இருக்கக்கூடும். கணக்கெடுத்தவர் காதில் விழுந்ததை எழுதினார், அந்தக் கையெழுத்தைப் பின்னால் இன்னொருவர் படித்துத் தட்டச்சு செய்தார், ஆகவே குடும்பப்பெயர் உருமாறியிருக்கும். பெயரில் கிடைக்காவிட்டால் வயது, ஊர் இரண்டையும் வைத்துத் தேடுங்கள், கிடைத்ததும் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து சரிபாருங்கள். தனிநபர் விவரங்களை 92 வருடம் கழித்துத்தான் வெளியிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1931 வரைதான் பார்க்கலாம். அது 2023 ஜூன் 1ஆம் தேதி வெளிவந்தது, வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்றுகூட அதில் கேட்டிருக்கிறார்கள்!

ஒன்டாரியோ திருமண, இறப்புப் பதிவுகளுக்கு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் போதும். கணக்கு தொடங்க வேண்டும், பணம் வேண்டாம். கல்யாணப் பதிவில் மணமகனின் பெற்றோர் பெயரைக் கேட்டு எழுதுவார்கள், அதை முதலில் எடுங்கள்.

கேள்வி: என் கணவரின் அம்மா வழி கியூபெக். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தேட முடியுமா?
– வாசகி, ஒட்டாவா

பதில்: தாராளமாக. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் 1621இலிருந்தே இருக்கின்றன, எல்லாம் ஒரே வாய்பாட்டில் எழுதியவை, இருபது முப்பது சொல் பிடிபட்டால் சமாளித்துவிடலாம். பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரிலேயே எழுதியிருப்பதால் அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று போய்க்கொண்டே இருக்கலாம், கனடாவின் மற்றப் பகுதிகளில் இது லேசில் நடக்காது. ஒரே குடும்பம் இரண்டு குடும்பப்பெயர்களில் வந்தால் குழம்பாதீர்கள், அது அங்கே வழக்கம். இந்தப் பங்குப் பதிவுகளைக் குடும்பவாரியாகத் தொகுத்த, மொன்றியால் பல்கலைக்கழகத்தின் பிஆர்டிஎச் (PRDH) தரவுத்தளத்துக்குச் சந்தா உண்டு. கியூபெக் தேசிய நூலகத் தளத்தில் நோட்டரிப் பத்திரங்கள் இலவசம்.

கேள்வி: பெரியப்பா 1950களில் கப்பலில் ஹாலிஃபாக்ஸ் வந்து இறங்கினார். பயணிகள் பட்டியலில் அவர் பெயர் வரவில்லையே?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: வராது, காப்பகத்தில் இருக்கும் பட்டியல்கள் 1935உடன் நிற்கின்றன. அதற்குப் பிந்தியவை குடிவரவுத் துறையிடம் இருக்கின்றன. தகவல் கோரும் சட்டத்தின்படி, கனடாவில் வசிப்பவர் என்ற முறையில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 5 டாலர். பெரியப்பா இருக்கிறார் என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். காலமாகிவிட்டார் என்றால் 20 வருடம் ஆனதற்கு அத்தாட்சி கேட்பார்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, வந்த வருடம் மூன்றையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.