இட்ரியா லேஸ்: வளைவில் பட்டி சுருங்கினால்

தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக் கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னும் ஸ்லோவேனிய லேஸ்தான் இட்ரியா லேஸ். நாடா மாதிரி பின்னிக்கொண்டே போகும் பட்டியில் நேர்ப்பகுதி ஒழுங்காக வருகிறது, வளைவில் மட்டும் உட்பக்கம் சுருங்கி மேடு தட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நூலை மாற்றத் தேவையில்லை, கணக்கில்தான் சிக்கல்.

வளைவில் வெளி ஓரம் நீளம், உள் ஓரம் குட்டை. இரண்டிலும் சமமாகக் குண்டூசி குத்தினால் உள்ளே நெரிசல்தான். ஓடும் ஜோடியை, அதாவது பட்டியின் குறுக்கே போய்வரும் ஜோடியை, ஒரே உள் ஊசியில் இரண்டு முறை திருப்புங்கள். இல்லாவிட்டால் ஓரத்துக்குப் போகாமல் கடைசி ஜோடிக்கு முன்பே திரும்புங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், ஓரம் உள்வாங்கிவிடும்.

தட்டைத் தலையணை வைத்திருக்கிறீர்களா? ஸ்லோவேனியாவில் உருளைத் தலையணைதான். தொங்கும் மரக் கட்டைகளின் பாரமே நூலை இழுத்துப் பிடிக்கும்.

பட்டியைப் பட்டியோடு கொக்கி ஊசியால் இணைக்கும்வரை அந்த இடத்துக் குண்டூசிகளைப் பிடுங்காதீர்கள். அவசரக்காரர்கள் எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான்!

இட்ரியா பாதரசச் சுரங்க ஊர். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கைச்செலவுக்காகப் பின்னிய வேலை இது. 1876-லேயே அங்கே லேஸ் பள்ளி வந்துவிட்டது. குறைந்த ஜோடிகளில் பட்டியை வளைத்து வளைத்து ஓட்டுவதுதான் அந்த ஊர் பாணி. அதனால் ஜோடிகளைக் கூட்டாமல், இதே வளைவை இன்னொரு முறை பின்னிப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.