ஓடை வற்றுகிறது, தீ பிடிக்கிறது: மரம் நட்டால் சரியாகுமா?

கேள்வி: எங்கள் நிலத்துக்கு மேலே இருந்த இயற்கைக் காட்டை அழித்துத் தைலமரமும் பைனும் போட்டார்கள். இப்போது கோடையில் ஓடை வற்றுகிறது, அடிக்கடி தீயும் பிடிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? வேகமாக வளரும் மரங்களை நிறைய நடலாமா?

பதில்: தொடர்பு நிச்சயம் உண்டு. ஆனால் வேகமாக வளரும் மரம் வேண்டவே வேண்டாம். இருக்கிற தண்ணீரையும் அது குடித்துவிடும்.

காட்டை வெட்டினால் ஆறு உடனே வற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அளந்து பார்த்த பெரும்பாலான இடங்களில் முதல் சில ஆண்டுகள் மொத்த நீர்வரத்து கூடத்தான் செய்திருக்கிறது. நீரை உறிஞ்ச மரம் இல்லையே. சிக்கல் மண்ணில் இருக்கிறது. வண்டியும் மாடும் மிதித்து அது இறுகிவிட்டால், மழை உள்ளே இறங்காமல் அன்றைக்கே கலங்கலாக ஓடிவிடும். அப்புறம் கோடையில் ஊற்றுக்குக் கொடுக்க நிலத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது.

அதே இடத்தில் தைலமரத்தை நெருக்கமாக நட்டால் இன்னொரு இழப்பும் சேர்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், வணிகத்துக்காகத் தோப்பு வளர்ப்பதையே ஓடை நீரைக் குறைக்கும் செயலாக வகைப்படுத்தியிருக்கிறது. தென் சிலியில் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், இயற்கைக் காடு 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் கோடை நீரோட்டம் சுமார் 14 சதவீதம் கூடுதலாக இருப்பது தெரிந்தது.

இனி தீ. வறண்ட இலையுதிர் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் தீ புதிதல்ல. நான் சொல்வது ஈரக் காடுகளை. பக்கத்தில் பழைய காட்டுத் துண்டு எஞ்சியிருந்தால், உள்ளே போய்ச் சருகை விலக்கிக் கை வைத்துப் பாருங்கள். மேலே மொரமொரப்பாக இருந்தாலும் இரண்டு விரல் ஆழத்தில் மக்கிய சருகு கறுத்து, ஈரமாக, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடியிருக்கும். அங்கே விழும் தீப்பொறி பெரும்பாலும் அணைந்துவிடும். தைலத்தோப்பில் வெயில் தரை வரை இறங்குகிறது. இலையில் எண்ணெய், தண்டில் உரிந்த பட்டை நீளநீளமாகத் தொங்குகிறது. தரையில் பிடித்த தீ அந்தப் பட்டையைப் பற்றிக்கொண்டு உச்சிக்கு ஏறும். எரியும் பட்டை காற்றில் பறந்து தொலைவில் விழுந்து புதுத் தீயை மூட்டும். 2017 ஜனவரியில் சிலியில் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது, பைன் தோப்புகள் சூழ்ந்த சான்டா ஓல்கா ஊரே சாம்பலானது. கடும் வறட்சியும் வெப்பமும் அதில் சேர்ந்திருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

எரிந்த பிறகு தீயின் கைவரிசை தண்ணீரில் தெரியும். கடும் சூட்டில் மண்ணின் மேலடுக்கில் மெழுகுபோன்ற பூச்சு படிந்து, நீர் தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் உருண்டோடும். முதல் பெருமழைக்குச் சாம்பலும் மண்ணும் ஓடையில் இறங்கும். காடு திரும்ப முளைக்கும்போதும் பொறுமை வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1939இல் எரிந்த மலைக்காடுகள் இளங்காடாக அடர்ந்து வளர்ந்தபோது, ஓடை நீர் பல ஆண்டுகள் கணிசமாகக் குறைந்தது. முதிர்ந்த காட்டைவிட இளங்காடு அதிகம் குடிக்கும். அதனால்தான், புதிதாக நடுவதைவிட எஞ்சிய பழைய காட்டைக் காப்பதே முதல் வேலை என்கிறேன்.

இந்தப் பருவத்திலேயே அந்தக் காட்டுத் துண்டைச் சுற்றிச் சருகும் புல்லும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டி, மாடு நுழையாமல் வேலி போடுங்கள். அடுத்து ஓடையின் இரு கரை. நிலத்துக்கு உரியவர்களின் ஒப்புதலோடு அங்குள்ள தைலமரத்தையும் பைனையும் முதலில் எடுங்கள். மொத்தமாக வெட்டாதீர்கள், கரை சரிந்துவிடும்; பகுதி பகுதியாகப் போகலாம். தைலமரத்தின் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், துளிரை விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்கவேண்டும். வெட்டிய கிளைகளைக் கொளுத்தாமல் சரிவுக்குக் குறுக்கே பரப்பினால் மண் தங்கும். ஆனால் காய்ந்த குவியலாகச் சேரவிடாதீர்கள், அதுவே தீக்கு விறகு. பறவைகள் கொண்டுவந்து போட்ட விதையில் முளைத்த நாட்டு மரக்கன்றுகள் இருந்தால் சுற்றிக் களையெடுத்து விடுங்கள், போதும். ஒன்றுமே முளைக்காத இடத்தில் மட்டும் அந்தப் பகுதிக்கே உரிய கன்றுகளைக் கலந்து நடுங்கள்.

பலன் ஓரிரு கோடையில் தெரியாது. ஓடையில் ஒரே இடத்தில் ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கோடையில் வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள், அந்த வார மழையையும் சேர்த்து. மழை குறைந்த ஆண்டையும் நிறைந்த ஆண்டையும் பிரித்துப் பார்க்க அந்தக் குறிப்பு கட்டாயம் தேவைப்படும்.